படத்தின் அடியில் இருக்கும் பெயர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நீலகிரிச் செடிகளை அந்தக் காலத்தில் வரைந்த படங்களைத் திரட்டி, பள்ளியில் ஒரு கண்காட்சி வைக்க ஆசை. வாட்ஸப்பில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் அடியில், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ‘கோவிந்தூ டெல்.’ என்று இருந்தது. கூகுளில் அந்தப் பெயரைப் போட்டால் கோவிந்தா என்ற பெயரில்தான் எல்லாம் வருகிறது. அருங்காட்சியகத் தளங்களிலும் அவர் பெயர் கிடைக்கவில்லை. அவர் யார்? இப்படிப்பட்ட ஓவியர்களை இணையத்தில் எப்படித் தேடுவது? படங்களை எடுத்து அச்சிடலாமா? இன்னொன்று. எங்கள் பக்கத்திலேயே குறும்பர் பழங்குடி ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தேடினாலும் விற்பனைப் பக்கங்கள்தான் வருகின்றன. என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை, கோத்தகிரி

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் படத்தின் அடியைப் பார்த்தது மிகச் சரி. பெரும்பாலானோர் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் பகிர்கிறார்கள். ஓவியரின் பெயர் அதோடு போய்விடுகிறது.

கோவிந்து, ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காகச் செடிகளை வரைந்த ஓவியர். அவருக்கு முன் அதே வேலையைச் செய்தவர் ரங்கையா. வைட் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகப் பணியில் சேர்ந்தவர், 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளைக் கவனித்தவர். அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ 1838-இலிருந்து 1853 வரை 6 தொகுதிகளாக வந்தது. மொத்தம் 2101 பிளேட்டுகள், அதாவது எண்ணிட்ட முழுப்பக்கப் படங்கள். உங்கள் கையில் இருப்பது கறுப்பு வெள்ளை என்பதால் அது அநேகமாக இந்த நூலைச் சேர்ந்தது. நீலகிரிச் செடிகளுக்கென்றே வைட் 1846-இலிருந்து வெளியிட்ட ‘ஸ்பிசிலேஜியம் நீல்கெரென்ஸ்’ வண்ணப் படங்கள் கொண்டது. உங்கள் கண்காட்சிக்கு இரண்டாவதுதான் பொக்கிஷம்.

‘டெல்.’ என்பது டெலினியாவிட் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். ‘வரைந்தார்’ என்று பொருள். வழக்கமாக இடது மூலையில் இருக்கும். வலது மூலையில் ‘லித்.’ என்று முடியும் பெயர் ஓவியரை அல்ல, படத்தைக் கல்லச்சுக்கு (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) மாற்றியவரைக் குறிக்கும். கோவிந்துவின் படங்கள் பலவற்றில் அந்த இடத்தில் டம்ஃபி என்ற பெயரைப் பார்ப்பீர்கள். செப்புத் தகட்டுப் படங்களில் ‘ஸ்கல்ப்.’ என்றிருந்தால் செதுக்கியவர். ‘பிங்க்ஸ்.’ என்றால் மூல வண்ண ஓவியத்தைத் தீட்டியவர். ‘எக்ஸ்க்.’ என்றால் பதிப்பித்தவர். இவற்றைக் குழப்பிக்கொண்டு அச்சடித்தவரை ஓவியராக எழுதிவிட்ட பக்கங்கள் இணையத்தில் ஏராளம்.

உங்கள் தேடல் தோற்றதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, நூலகங்களின் அட்டவணையை எழுதியவர்கள் ‘ஆசிரியர்’ என்ற கட்டத்தில் வைட்டின் பெயரைத்தான் போட்டார்கள். காலனிக் காலத்து இந்திய ஓவியர்கள் மிகப் பலருடைய நிலை இதுதான்: வேலை கொடுத்த துரையின் பெயருக்கு அடியில் இருக்கிறார்கள். எனவே ஓவியரின் பெயரில் தொடங்காதீர்கள். யாருக்காக வரைந்தார், எந்த நூலில் வந்தது என்பதில் தொடங்கி உள்ளே இறங்குங்கள். வைட் என்று தேடும்போது கூகுள் அதை ரைட் என்று திருத்த முயலும். முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் திருத்தாது.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். அன்றைய ஆங்கிலேயர்கள் ‘உ’ ஓசைக்கு இரண்டு ‘ஓ’ எழுத்துகளைப் போட்டார்கள். ‘அ’ ஓசைக்குப் பல இடங்களில் ‘யு’ எழுத்தைப் போட்டார்கள். அதனால் கோவிந்துவின் பெயர் இரட்டை ‘ஓ’வில் முடிகிறது, ரங்கையா ‘ஆர்-யு-என்-ஜி’ என்று தொடங்குகிறார், கடைசி ‘எச்’ சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. நாம் இன்று எழுதும் கூட்டலில் தேடினால் அவர்கள் கிடைக்கவே மாட்டார்கள். நீலகிரிக்கும் இதே கதி. ‘என்-இ-ஐ-எல்-ஜி-எச்-இ-ஆர்-ஆர்-ஒய்’, ‘என்-இ-இ-எல்-ஜி-எச்...’ என இரண்டையும் போட்டுப் பாருங்கள், பன்மை வடிவத்தையும் சேர்த்து. ஊட்டி என்று போடாமல் ஊட்டகமண்ட் என்று போடுங்கள்.

இனி படங்களை எடுக்கும் வழி. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற தளத்தில் வைட்டின் நூல்கள் முழுமையாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். ஆனால் அதன் தேடல் பெட்டியில் கோவிந்துவின் பெயரைப் போட்டு அவர் படங்கள் எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். கணினி எழுத்துகளைப் படித்துத்தான் தேடுகிறது. படத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தை அது பெரும்பாலும் தவறாகப் படிக்கும், அல்லது விட்டுவிடும். பிளேட் எண் தெரிந்து நேராகப் பக்கத்துக்குப் போவதே வழி. அந்த எண்ணைப் பெற, இன்டர்நேஷனல் பிளான்ட் நேம்ஸ் இன்டெக்ஸ் என்ற தளத்தில் செடியின் தாவரவியல் பெயரைக் கொடுங்கள். வைட் புதிதாகப் பெயரிட்ட செடி என்றால் நூல், தொகுதி, பக்கம், பிளேட் எண், ஆண்டு ஆகியவை ஒரே வரியில் இருக்கும். ‘டி.’ என்ற எழுத்துக்குப் பின் வருவது பிளேட் எண்.

இங்கே ஒரு சிக்கல் வரும். இன்றைய பெயர் அன்றைய நூலில் இருக்காது. குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. 1832-இல் அதற்கு வைத்த பெயர் பிலெபோஃபில்லம் குந்தியானம். கியூ தாவரவியல் பூங்காவின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்’ தளத்தில் இன்றைய பெயரைக் கொடுத்தால், அடியில் பழைய பெயர்கள் அனைத்தும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நூலுக்குள் போங்கள். உங்களுக்குத் தாவரவியல் தெரியும் என்பதால், ஓவிய வரலாறு படித்தவர்களைவிட இந்த வழியில் நீங்கள் வேகமாகப் போய்விடுவீர்கள்.

முழுத் தொகுதியையும் இறக்காதீர்கள். கோப்பு மிகப் பெரியது. மலையில் சிக்னல் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வேண்டிய பக்கங்களை மட்டும் தேர்ந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ள அங்கேயே வசதி இருக்கிறது. அச்சுக்கு என்றால் பக்கத்தின் படக் கோப்பைத் தனியாக எடுங்கள்.

ஒரு செடியை மட்டும் மறக்காமல் கண்காட்சியில் வையுங்கள். ‘ஐகோன்ஸ்’ 6-ஆம் தொகுதியில், 1853-இல், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். தன் ஓவியரின் பெயரையே வைத்தார். இன்று அது ட்ரோபிடியா என்ற பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால் புழக்கத்தில் இல்லை. ஆனால் மேலே சொன்ன இன்டர்நேஷனல் பிளான்ட் நேம்ஸ் இன்டெக்ஸில் ‘கோவிந்தூயா’ என்று தட்டினால் இன்றும் வரும். அருங்காட்சியகத் தேடலில் கிடைக்காத பெயர் தாவரப் பெயர்ப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த இரு ஓவியர்களைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்ட்டி. வைட்டைப் பற்றிய அவருடைய மூன்று பாக நூல் 2007-இல் வந்தது. அச்சுப் படத்துக்கு முந்தைய மூல ஓவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்று அந்தப் பூங்காவில் இருக்கிறது. நூலில் வந்த கல்லச்சுப் படம் வேறு, கையால் தீட்டிய மூலம் வேறு. விளக்கக் குறிப்பில் எது என்று எழுதிவிடுங்கள்.

செடிகளோடு மலைக் காட்சிகளும் வேண்டுமென்றால், ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1874-இல் குன்னூருக்கும் ஊட்டிக்கும் வந்து வரைந்தார். அவருடைய பயண ஓவியங்களின் பெருந்தொகுப்பு ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் இணைய அட்டவணையில் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே எழுதுவது லியரின் பழக்கம் என்பதால் இது பலன் தரும். கேப்டன் ரிச்சர்ட் பாரன் வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837-இல் லண்டனில் அச்சாயின. பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய இணைப்புகள் பல திறக்காது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. செத்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். சிறிய அளவுப் படமாவது பல நேரம் கிடைக்கும், குறிப்பும் இருக்கும்.

அடிப்பகுதி வெட்டுப்பட்ட படம் கிடைத்தால் படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் போடுங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை அப்படியே போடாமல், சுற்றியிருக்கும் வாழ்த்து வரிகளையும் சட்டத்தையும் வெட்டிவிட்டு, செடி மட்டும் தெரியும்படி கொடுங்கள். பின்டரெஸ்ட் பக்கம் வந்தால் அங்கே நிற்காதீர்கள். நூலகமோ அருங்காட்சியகமோ வரும்வரை தள்ளிக்கொண்டே போங்கள்.

அச்சிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கு, ஓவியரின் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கோவிந்து, ரங்கையா, லியர் எல்லோருக்கும் அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சில நிறுவனங்கள் தாங்கள் எடுத்த கோப்புக்குத் தனி நிபந்தனை போடும். பதிவின் அடியில் ‘உரிமை’ என்ற வரியைப் படித்துவிட்டு எடுங்கள். ஏ4 அளவில் தெளிவாக வர 2480-க்கு 3508 பிக்சல் தேவை. ஏ3 என்றால் 3508-க்கு 4961. இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அதில் பாதி இருந்தாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. சிறிய கோப்பைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கினால் கல்லச்சின் மெல்லிய கோடுகள் மங்கி, செடியின் ரோமமும் நரம்பும் ஒன்றாகிவிடும். தாவரப் படத்தில் அவை தனித்தனியாகத் தெரிந்தால்தான் படம்.

குறும்பர் ஓவியம் பற்றி. தமிழில் வல்லின ‘று’, இடையின ‘ரு’ இரண்டு கூட்டலிலும் எழுதுகிறார்கள், இரண்டிலும் தேடுங்கள். ஓவியம் வரைபவர்கள் ஆலு குறும்பர் என்ற பிரிவினர் என்பதால் ‘ஆலு’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் பற்றியவையும் கலந்து வரும். ‘வெள்ளரிக்கொம்பை’ என்று அவர்களுடைய ஊர்ப் பெயரைப் போட்டால் விற்பனைப் பக்கங்கள் குறைந்து, பாறை ஓவியம் பற்றியவையும் ஓவியர்கள் பற்றியவையும் மேலே வரும். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

அதற்கு மேல் இணையத்தில் தேடாதீர்கள், டீச்சர். ஓவியர்கள் உங்களுக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். பெயரை அவர்கள் சொல்லும் விதமாகவே தமிழில் எழுதி, ஆங்கிலக் கூட்டல் எது வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். ஊர், வரைந்த ஆண்டு, நீள அகலம் சென்டிமீட்டரில், துணியா தாளா, வேங்கை மரத்துப் பாலா கடை வண்ணமா, படத்தில் நடப்பது என்ன என்பதை அவர்கள் வாய்மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டோ எடுத்தாலும் ஓவியத்தின் உரிமை அவர்களுடையதுதான். இணையத்தில் ஏற்ற எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், சம்மதிக்காவிட்டால் ஏற்றாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் யாரும் விற்பனைக்கும் பயன்படுத்தலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன் அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.

கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓவியரின் பெயரை முதல் வரியில், வைட்டின் பெயரை இரண்டாவது வரியில் போடுங்கள்.