தானமாகவோ வாரிசாகவோ வந்த சொத்து ஜீவனாம்சக் கணக்கில் வருமா?

ஜீவனாம்சம் என்பது பிரிந்த பின் ஒருவர் மற்றவரின் வாழ்க்கைச் செலவுக்குத் தரும் தொகை. கேட்பவர் கணவராகவும் இருக்கலாம். இந்து திருமணச் சட்டம், 1955இன் 25ஆம் பிரிவு இருவருக்கும் பொது.

அந்தப் பிரிவு இருவரின் வருமானத்தோடு 'மற்ற சொத்தையும்' பார்க்கச் சொல்கிறது. சொத்து சம்பாதித்ததா, தாத்தா எழுதி வைத்ததா என்று அது பிரிப்பதில்லை. காரணம் எளிது: இங்கே எடைபோடப்படுவது கொடுக்கும் சக்தியும் கேட்பவரின் தேவையும்தான். தோப்பு உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதில் விழும் தேங்காய் வருமானம்தானே?

ஆகவே வாரிசாக வந்த வீட்டின் வாடகை, தானமாக வந்த வைப்புத்தொகையின் வட்டி எல்லாம் கணக்கில் சேரும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. பலர் சறுக்குவது இங்கேதான். பூர்வீகம்தானே என்று பட்டியலில் விட்டுவிடுவார்கள். எதிர்த் தரப்பு வில்லங்கச் சான்றைக் காட்டியதும் மற்ற கணக்குகளும் சந்தேகத்துக்குள்ளாகும். அப்பா உயிரோடிருந்து, அவர் சுயமாகச் சம்பாதித்து அவர் பெயரிலேயே இருக்கும் வீடு மகனின் சொத்து ஆகாது.

கணக்கில் வருகிறது என்றால் பாதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தப் பிரிவு தொகையை நிர்ணயிக்கத்தான், தேவைப்பட்டால் அந்தத் தொகைக்குப் பிணையாக அசையாச் சொத்தின் மீது நீதிமன்றம் பொறுப்பு (charge) விதிக்கலாமே தவிர, பட்டா கைமாறாது.