விசிலுக்குக் காத்திராத கார்னர்

அன்புள்ள அண்ணன்,

2019 மே 7 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை இந்த வாரம் மறுபடி முழுதாகப் பார்த்தேன். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்க்கும் மோதல் அது. பார்சிலோனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் (முதல் லெக்) லிவர்பூலுக்கு 3-0 தோல்வி. காயத்தால் அவர்களின் முன்கள வீரர்கள் சாலாவும் ஃபிர்மினோவும் இல்லை. அப்படியும் லிவர்பூல் 4-0 என்று பார்சிலோனாவை முடித்துவிட்டது! நான்காவது கோல் எப்போது வரும் என்று தெரிந்திருந்தும், அது விழும்போது நாற்காலியில் உட்கார முடியவில்லை. திடீரென்று எடுத்த கார்னரில் (மைதானத்தின் மூலையிலிருந்து உதைப்பது) ஒரிகி அடித்த அந்தக் கோலை மட்டும் பதினைந்து முறையாவது திருப்பிப் போட்டிருப்பேன். இதை அற்புதம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் பார்சிலோனா ஆட்கள். ஒருவர், ரெஃப்ரி விசில் அடிக்காமல், எதிரணி தயாராகாமல் எடுத்த கார்னர் செல்லவே செல்லாது என்கிறார். இன்னொருவர், அன்றைக்கு மெஸ்ஸி ஆடவில்லை, லிவர்பூலுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான் என்கிறார். இதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நாங்கள் தூத்தூர்ப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆடுகிறோம். அந்தக் கார்னரை எங்கள் அணியில் பழகிப் பார்க்கலாமா?

அன்புடன்,
ஆன்றோ

*

அன்புள்ள ஆன்றோ,

முதல் நண்பருக்கு ஒரே வரி போதும். கார்னர் எடுக்க விசில் தேவையில்லை. ஆட்டத்தின் பதினேழாவது விதி கேட்பது இவ்வளவுதான்: பந்து கார்னர் வளைவுக்குள் இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், உதைக்கப்பட்டுத் தெளிவாக நகர வேண்டும். எதிரணி தயாரா என்று கேட்கும் வரி எங்குமே இல்லை. ஆட்டம் தொடங்க, பெனால்டிக்கு, ஆள் மாற்றமோ காயமோ அட்டையோ வந்து ஆட்டம் நின்ற பிறகு மறுபடி தொடங்க விசில் வேண்டும். அந்தக் கார்னருக்கு முன்னால் இதில் எதுவும் நடக்கவில்லை. ரெஃப்ரி ஜுனெய்ட் சாக்கிர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், அதாவது ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது நண்பரிடம் ஆட்டத்தை ஒருமுறை மெஸ்ஸியை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் பாதியில் அவர் அடித்ததை லிவர்பூல் கோல்கீப்பர் அலிசன் தட்டிவிட்டார். கூட்டினியோவுக்கு ஒரு வாய்ப்பு. இடைவேளைக்குச் சற்று முன் மெஸ்ஸி போட்டுக் கொடுத்த பந்தில் ஜோர்டி ஆல்பா தனியாக உள்ளே வந்தார், அதையும் அலிசன் மறித்தார். இரண்டாம் பாதி தொடங்கியதும் சுவாரஸுக்கு ஒன்று. இவற்றில் ஒன்றே ஒன்று உள்ளே போயிருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்போது அவே கோல் விதி இருந்தது, மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் போட்ட அணி ஜெயிக்கும் (ஐரோப்பியப் போட்டிகளில் 2021-22 முதல்தான் அதை எடுத்தார்கள்). பார்சிலோனா ஒரு கோல் போட்டால் லிவர்பூலுக்கு ஐந்து தேவை. மெஸ்ஸி முதல் லெக்கில் இரண்டு போட்டவர். அதில் 82-வது நிமிட ஃப்ரீ கிக் பார்சிலோனாவுக்காக அவர் அடித்த 600-வது கோல். ஆன்ஃபீல்டிலும் அவர் தன் வேலையைச் செய்தார், பந்தை வாங்கியவர்கள் முடிக்கவில்லை. முதல் லெக் நடந்த கேம்ப் நூவில் கடைசி நிமிடத்தில் மெஸ்ஸி தள்ளிக் கொடுத்த பந்தை டெம்பெலே அலிசன் கைக்கே உருட்டியதும் இதே கணக்கில் சேரும். அது கோலாகியிருந்தால் அந்த ஆட்டமே 4-0.

ஆகவே அதிர்ஷ்டம் இருந்தது, ஒப்புக்கொள்ளுங்கள். ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்று தெரியவில்லை. ஆனால் நான்கு கோலும் விழுந்த விதத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. உங்கள் ‘அற்புதம்’ என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டையும் இங்கேதான். ஒரே தவறு வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வருவதை அற்புதம் என்று சொல்லிவிட்டால், பார்ப்பதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போகிறது.

7-வது நிமிடம். ஆல்பா தலையால் பின்பக்கம் தள்ளிய பந்து போதிய வேகமில்லாமல் லிவர்பூலின் மானேயிடம் போகிறது. மானே ஹெண்டர்சனுக்கு, ஹெண்டர்சன் பெட்டிக்குள் புகுந்து அடிக்கிறார், பார்சிலோனா கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் தட்டுகிறார், ஒரிகி உள்ளே தள்ளுகிறார். 54-வது நிமிடம். வலப்பக்கம் அலெக்ஸாண்டர்-அர்னால்டு பந்தை ஆல்பாவிடம் இழக்கிறார், அடுத்த நொடியே அவரிடமிருந்து பறித்து உள்ளே அனுப்புகிறார், பின்னாலிருந்து ஓடிவந்த விநால்டம் ஒரே அடி. இரண்டு முறையும் பந்து தங்கள் பக்கம் வந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று பார்சிலோனா நினைத்த கணத்தில்தான் கோல்.

விநால்டம் வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் சுவாரஸின் கால் பட்டு லிவர்பூலின் இடது பேக் ராபர்ட்சனுக்குப் பின்சதையில் அடி. இடைவேளையில் அவர் வெளியேற, நடுக்களத்தில் ஆடிய மில்னர் இடது பேக்காகப் போனார், மில்னர் விட்ட இடத்துக்கு விநால்டம் வந்தார். தன்னை பெஞ்சில் உட்கார வைத்ததில் அவருக்குக் கோபம், ஆட்டம் முடிந்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். கோபம் கோல் போடாது, இடம்தான் போடும். பார்சிலோனா டிஃபெண்டர்கள் பிக்கேயும் லெங்லேயும் ஒரிகியைப் பார்த்துக்கொண்டு கோலை ஒட்டி இறங்கி நின்றார்கள். மிட்ஃபீல்டர்கள் புஸ்கெட்ஸ், ராக்கிடிச், விடால் மூவரும் அவர்களோடு சேர்ந்து இறங்கவில்லை. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே, பெனால்டி புள்ளியைச் சுற்றி, ஆளில்லாத ஒரு இடம் கிடந்தது. தாமதமாக ஓடிவரும் மிட்ஃபீல்டருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தன் முதல் கோலுக்கும், 122 நொடி கழித்து ஷகீரி இடப்பக்கமிருந்து போட்ட கிராஸில் எம்பித் தலையால் அடித்த இரண்டாவதுக்கும் விநால்டம் அங்கேதான் வந்து சேர்ந்தார். மறுபடி பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, அவரை யார் பின்தொடர்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மொத்தக் கணக்கு 3-3 ஆன அந்த இரண்டு நிமிடத்துக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

இனி 79-வது நிமிடம்.

வலப்பக்கக் கார்னர். அலெக்ஸாண்டர்-அர்னால்டு பந்தை வளைவில் வைக்கிறார். இடது கால்காரர் ஷகீரி அதை எடுக்க நிதானமாக வந்துகொண்டிருக்கிறார். வலப்பக்கக் கார்னரை இடது காலால் எடுத்தால் பந்து கோலை நோக்கி வளையும், அதனால் அது வழக்கமாக அவர் வேலை என்று பார்க்கிற எல்லோருக்கும் தோன்றும். அலெக்ஸாண்டர்-அர்னால்டு பந்தை விட்டு இரண்டு மூன்று அடி விலகுகிறார், தலையைத் திருப்புகிறார், சட்டென்று திரும்பி ஓடிவந்து வலது காலால் தாழ்வாக உதைக்கிறார். பெட்டிக்குள் பார்சிலோனா ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், ஆனால் பந்தின் பக்கம் முகம் இருப்பவர் ஒருவரும் இல்லை. பிக்கே திரும்பும்போது பந்து ஒரிகியிடம் போய்விட்டது. ஒரிகி அதை நிறுத்தவே இல்லை. உடம்பைத் திருப்பி, வலது பாதத்தின் உட்புறத்தால் ஒரே தொடுதல், மேல் மூலையில்.

விலகி நடந்தது நடிப்பா என்று பலர் கேட்கிறார்கள். அந்த நொடியில் தோன்றியதைச் செய்ததாகத்தான் அலெக்ஸாண்டர்-அர்னால்டு சொன்னார், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. முன்கூட்டித் தயார் செய்தது வேறொன்று. பந்து வெளியே போனால் பார்சிலோனா வீரர்கள் ரெஃப்ரியிடம் முறையிடுவதிலும் தங்களுக்குள் பேசுவதிலும் கவனம் சிதறுகிறார்கள் என்று லிவர்பூலின் ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். அதனால் பந்தை உடனுக்குடன் திருப்பிக் கொடுக்கும்படி கோட்டுக்கு வெளியே நின்ற பையன்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இது அப்போதே செய்தியாக வந்தது. எல்லாக் கண்களும் ஒரிகியின் பாதத்தில் இருக்கும்போது, எனக்கு அந்தக் கோலில் பிடித்த பகுதி இந்தப் பந்துப் பையன்தான்.

ஒரு வருடம் பின்னால் போனால் இன்னும் விளங்கும். 2018 ஏப்ரல் 10, ரோம். முதல் லெக்கில் 4-1 என்று ஜெயித்திருந்த பார்சிலோனா அங்கே ரோமா அணியிடம் 3-0 என்று தோற்று அவே கோலில் வெளியேறியது. மூன்றாவது கோல் 82-வது நிமிடம், கார்னரில் முன்போஸ்ட்டுக்கு ஓடிவந்து மனோலாஸ் தலையால் அடித்தது. அதே வல்வெர்டே பயிற்சியாளர், டெர் ஸ்டேகன், பிக்கே, ஆல்பா, புஸ்கெட்ஸ், ராக்கிடிச் உட்பட எட்டுப் பேர் இரண்டு ஆட்டத்திலும் முதலிலிருந்தே ஆடியவர்கள். ரோமிலாவது பந்து வருவதைப் பார்த்துக்கொண்டு தோற்றார்கள்.

உங்கள் செவன்ஸுக்கு வருவோம். தாராளமாகப் பழகலாம், ஆனால் ஒரிகியின் அடியைப் பழகாதீர்கள், பந்தைக் கொண்டுவருவதைப் பழகுங்கள். ஆன்ஃபீல்டில் கோட்டைச் சுற்றிலும் பந்துகள் இருந்தன. நமக்கு ஒரு பந்து, அதுவும் தென்னந்தோப்புக்குள் போய்விடும். ஒவ்வொரு மூலைக்குப் பின்னாலும் ஒரு பையனை நிறுத்தாமல் வேகக் கார்னர் நடக்காது.

எடுப்பவர் நிமிர்ந்து பார்த்து, வாங்குபவரின் கண் தன் மேல் இருந்தால் மட்டுமே உதைக்க வேண்டும். கை காட்டுவது, கூப்பிடுவது வேண்டாம், அது எதிரணிக்கும் சேர்த்துச் சொல்வதாகிவிடும். வாங்குபவர் கோல் வாய்க்கு முன்னால் கூட்டத்தில் நிற்கக் கூடாது, எடுப்பவருக்கு அருகே உள்ள போஸ்ட்டுக்கு நேராகச் சற்று வெளியே, தனியாக. மற்றவர்கள் ஓடவே கூடாது. இதில்தான் பல அணிகள் கெடுத்துக்கொள்கின்றன, நம் ஆள் ஒருவர் பாய்ந்ததும் தூங்குகிற டிஃபெண்டர் விழித்துவிடுவார். பந்து தாழ்வாகப் போக வேண்டும், உயர்த்திப் போட்டால் அது இறங்கி வருவதற்குள் கோல்கீப்பர் வந்துவிடுவார். உங்கள் பக்கம் மணல் மைதானம் என்றால் உருட்டிய பந்து பாதி வழியில் நின்றுபோகும், முழங்கால் உயரத்தில் அடியுங்கள். எந்த நேரமும் இரண்டு பேர் பின்னால் இருக்கட்டும். பந்து முதல் ஆள் மேல் பட்டுத் திரும்பினால், ஏழு பேர் ஆட்டத்தில் எதிரணி மூன்று பாஸில் உங்கள் கோலில் நிற்கும்.

அவசரத்தில் வரும் தப்புகளில் முதலாவது, உருண்டுகொண்டிருக்கும் பந்தை உதைப்பது. ரெஃப்ரி திருப்பி எடுக்கச் சொல்வார், அதற்குள் எதிரணி முழுவதும் விழித்திருக்கும். அடுத்தது, எடுத்தவரே பந்தை இரண்டாம் முறை தொடுவது, அதற்கு எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கார்னரில் ஆஃப்சைடு (பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்பது) கிடையாது என்பது நேராகப் பந்தை வாங்குபவருக்கு மட்டும்தான். பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிட்டு, அவர் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்தவர் இன்னும் கோல்கோட்டோரமே நின்றால் அவர் ஆஃப்சைடில் இருப்பார். உதைத்ததும் பந்துக்குப் பின்னால் இருக்கும்படி உள்ளே வந்துவிடப் பழக்குங்கள். செவன்ஸில் ஆஃப்சைடே வைக்காத போட்டிகளும் உண்டு, ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கார்னருக்கு அவர் விசில் எதிர்பார்க்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், சில ஊர்களில் எதிர்பார்க்கிறார்கள்.

அன்புடன்