டிராக்டருக்கு ஆலோசனை கேட்கும்போது "45 எச்பி" என்று மட்டும் சொன்னால் போதாது

கேள்வி: எங்களிடம் 45 எச்பி டிராக்டர் ஒன்று இருக்கிறது, வாங்கும்போதே பழைய வண்டி. ஆறடி ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மாட்டினால் முதலில் லிப்ட் (பின்னால் கருவியைத் தூக்கும் அமைப்பு) நன்றாகத் தூக்குகிறது, ஒரு மணி நேரம் ஓட்டியதும் திணறுகிறது. இணையத்தில் கேட்டால் ஒருவர் பம்பை மாற்றச் சொல்கிறார், ஒருவர் ஆயிலை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ரோட்டவேட்டரே உங்கள் வண்டிக்குப் பெரிது என்கிறார். எந்த விவரங்களைக் கொடுத்துக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்?

பதில்: மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த விவரத்துக்கு மூன்று பதிலுமே பொருந்தும். "45 எச்பி" என்றதும் ஒவ்வொருவரும் தனக்குப் பழக்கமான ஒரு 45 எச்பி வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார். உங்கள் வண்டி அது இல்லை.

அந்த எச்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதும் விற்கும்போது சொல்வதும் பெரும்பாலும் எஞ்சின் எச்பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ, அதாவது கருவியை ஓட்ட டிராக்டரின் பின்னால் இருக்கும் சுழல் தண்டு, வழியாக வரும் சக்தி. கியர்பாக்ஸைத் தாண்டி வருவதற்குள் கொஞ்சம் குறைந்துவிடும், பொதுவாக எஞ்சின் எச்பியில் 85 முதல் 90 சதவீதம்தான் பிடிஓவுக்கு வந்து சேரும். அதாவது உங்கள் 45, பிடிஓவில் 38 முதல் 40 வரை. கருவி செய்பவர்கள் "இத்தனை எச்பி வேண்டும்" என்று போடும்போது அது எஞ்சின் எச்பியா பிடிஓ எச்பியா என்று பார்த்து, இரண்டையும் ஒரே வகையில் ஒப்பிட வேண்டும். விவரத் தகட்டில் கிலோவாட் என்று இருந்தால் 1.34 ஆல் பெருக்கினால் எச்பி வந்துவிடும். ஆனால் ஒன்று, லிப்ட் தூக்குவதற்கும் எச்பிக்கும் நேரடித் தொடர்பு குறைவு. தூக்குவது ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது), அதனால் உங்கள் கேள்விக்கு எச்பியை விட லிப்டின் தூக்கும் திறன்தான் முக்கியம், அதைத்தான் நீங்கள் சொல்லவே இல்லை.

தூக்கும் திறனிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1500 கிலோ என்று போட்டிருந்தால் எந்த இடத்தில் அளந்தது என்று பாருங்கள். லோயர் லிங்க் (கருவியை மாட்டும் கீழ்க் கைகள்) முனையில், கருவியின் பின் நுழையும் பந்து இருக்கும் இடத்தில் அளந்தால் எண் பெரிதாக இருக்கும். அதிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி அளந்தால் குறையும். ரோட்டவேட்டரின் எடை பந்துக்கு நேராக உட்காருவதில்லை, பின்னால் தள்ளித்தான் இருக்கிறது, ஆகவே இரண்டாவது எண்தான் உங்கள் வேலைக்குப் பக்கமானது. ரோட்டவேட்டரின் எடையையும் சேர்த்து எழுதுங்கள், அதன் தகட்டிலேயே இருக்கும். "ஆறடி" என்பது அகலம்தான், எடை ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு.

அப்புறம் கையால் தொட்டுப் பார்த்து எழுத வேண்டியவை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் பிடிஓ ஷாப்டின் பற்களை எண்ணுங்கள். 6 பல் என்றால் நிமிடத்துக்கு 540 சுற்று வகை, 35 மில்லிமீட்டர் ஷாப்டில் 21 பல் என்றால் 1000 சுற்று வகை. பிடிஓவின் 540 சுற்று, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) ஓடும்போது கிடைக்கிறது என்பது மீட்டரில் ஒரு கோடாகவோ குறியாகவோ இருக்கும், அதையும் எழுதுங்கள். லோயர் லிங்க் பந்தின் ஓட்டையை அளந்தால் 22 மில்லிமீட்டர் பின் போகிற அளவா (முதல் வகை), 28 போகிற அளவா (இரண்டாம் வகை) என்று தெரியும். டயர் அளவை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், டயரின் பக்கவாட்டில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள். 13.6-28 என்றால் டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம். பழைய வண்டிகளில் முன்பு வைத்திருந்தவர் பெரிய டயர் போட்டிருப்பார், அப்படிப் போட்டால் அதே கியரில் வேகம் கூடி இழுவை குறையும். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒத்துப்போக வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் முன் ஆக்சில் அடி வாங்கும். அதனால் இரண்டு ஜோடி அளவும் தேவை.

மணிக்கணக்கு மீட்டரை எல்லோரும் எழுதுகிறார்கள், நல்லதுதான். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் கடிகாரத்தோடு போகாது, எஞ்சின் சுற்றை எண்ணும். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஓடினால்தான் அதன் ஒரு மணி உண்மையான ஒரு மணி. மெதுவாகவே ஓட்டிய வண்டி காட்டுவதை விட அதிக நேரம் ஓடியிருக்கும். மீட்டர் நடுவில் மாற்றப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று. ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை போடுங்கள்: "தகட்டில் பார்த்தது", "டேப் வைத்து அளந்தது", "விற்றவர் சொன்னது". பழைய வண்டியில் இது ரொம்ப முக்கியம். விளம்பரத் தாளில் இருப்பது தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி. உங்கள் கொட்டகையில் நிற்பது பம்பு மாற்றி, கிளட்ச் மாற்றி, வேறு ஆயில் ஊற்றிய வண்டி. பதில் சொல்பவர் எதை நம்பலாம், எதைச் சந்தேகப்படலாம் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

சரி, உங்கள் லிப்டுக்கு வருவோம். சூடானதும் திணறுகிறது என்பதுதான் நீங்கள் கொடுத்ததில் மிக நல்ல தகவல். சூட்டில் ஆயில் இளகும், தேய்ந்த பம்பிலோ சீலிலோ கசிவு கூடும். வடிகட்டி அடைத்திருந்தால் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும், ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த நேரத்தில்தான் தொல்லை அதிகம், பம்பும் முனகும். அதனால் கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ரோட்டவேட்டரை மேலே தூக்கி (திணறினால் ஆர்பிஎம் கூட்டித் தூக்குங்கள்) பிடிஓவையும் எஞ்சினையும் நிறுத்துங்கள். யாரும் அதன் அடியிலோ பக்கத்திலோ நிற்கக் கூடாது. சீக்கிரம் கீழே இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது கட்டுப்பாட்டு வால்வு பக்கம் கசிவு. இறங்காமல் நிற்கிறது, ஆனால் மறுபடி தூக்கத்தான் திணறுகிறது என்றால் பம்பு, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு) பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது தூக்கிய கருவி மேலும் கீழுமாகக் குதித்தால் அதுவும் கசிவின் அடையாளம்தான்.

இவ்வளவும் கையில் இருந்தால் கேள்வி இப்படி இருக்கும்: "இந்த நிறுவனம், இந்த மாடல், இந்த வருடம். எஞ்சின் 45 எச்பி, தகட்டில் பார்த்தது. ரோட்டவேட்டர் ஆறடி, எடை இவ்வளவு. ஹைட்ராலிக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில், கடைசியாக மாற்றியது எப்போது என்று தெரியாது, அளவுக்கோலில் சரியாக இருக்கிறது, நிறம் பால் போல இல்லை. ஆயில் குளிர்ந்திருக்கும்போது தூக்குகிறது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 1500 ஆர்பிஎம்மில் தூக்கவில்லை, 2000இல் மெதுவாகத் தூக்குகிறது. தூக்கி நிறுத்தினால் இறங்கவில்லை. ரோட்டவேட்டர் இல்லாமல் வெறும் லிங்க் சூட்டிலும் நன்றாகத் தூக்குகிறது." இதைப் படிக்கிற மெக்கானிக் ஆயிலை மாற்று என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க மாட்டார். நிறத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: பால் போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதையும் கழற்றக் கூடாது.

படம் போடுவதாக இருந்தால் தகட்டைத் துடைத்துவிட்டு நேராக நின்று எடுங்கள், பிளாஷ் வேண்டாம், எண்கள் வெளுத்துப்போகும். அளவு தெரிய வேண்டிய இடத்தில் டேப்பை வைத்து எடுங்கள். சேசிஸ் எண்ணிலும் எஞ்சின் எண்ணிலும் கடைசி சில இலக்கங்களை மறைத்துவிடுங்கள், நம்பர் பிளேட்டையும் மறையுங்கள். திருட்டு வண்டிக்குப் போலி அடையாளம் செய்ய முழு எண்தான் தேவைப்படும். ஆலோசனை சொல்ல மாடலும் வருடமும் எண்ணின் முதல் பகுதியுமே பெரும்பாலும் போதும். முழு எண்ணைக் கேட்டு யாராவது தனியாகச் செய்தி அனுப்பினால் கொடுக்காதீர்கள், உதிரிபாகம் வாங்கும்போது நேரில் காட்டினால் போதும்.