பழைய செலிகாவுக்கு டர்போ போடலாமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். என் மாமா சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த 2001 டொயோட்டா செலிகா இப்போது என் கையில் இருக்கிறது. 1.8 லிட்டர் என்ஜின், மேனுவல் கியர், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இங்கே பதிவு செய்தது 2002-ல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு போய் வருவேன். ஏறும்போது வண்டி சோம்பலாக இருக்கிறது. இறங்கும்போது பிரேக் கருகிய வாசனை வருகிறது, பெடலும் கொஞ்சம் கீழே போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்றுகிறேன். நாலு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கே டர்போ போட்டு 220 குதிரைத்திறன் ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்த மாதிரிக் கேள்வியோடு என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த டர்போ இல்லை, ஆயில். உங்கள் காரில் இருப்பது அநேகமாக 1இசட்இசட் என்ற வகை என்ஜின். 2002-க்கு முன்னால் வந்தவற்றுக்கு ஆயில் குடிப்பது பிறவிக் குறை. சிலிண்டர் சுவரில் இருந்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழித்தெடுக்கும் ஆயில் கீழே இறங்க பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். இந்தப் பிஸ்டனில் அவை போதாது. கரி பிடித்து அவை அடைத்துக்கொண்டால் ஆயில் ரிங் இறுகிவிடும். சுவரில் தங்கிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். டொயோட்டாவே பின்னால் பிஸ்டனை மாற்றி அமைத்தது.

இதைத் தெரிந்துகொள்ள மலையே போதும். பிரேக்கைச் சரிசெய்தபின் ஒரு நாள், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் இரண்டாம் கியரில் நாலைந்து வளைவு வாருங்கள். பின்னால் ஒரு நண்பர் வேறு வண்டியில் வரட்டும். அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சைலன்சரில் நீலப் புகை கொத்தாக வந்தால் ஆயில் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. இந்த என்ஜினில் நான் முதலில் சந்தேகப்படுவது ரிங்கை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டர்போ விற்கிறவர் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, நாலு சிலிண்டரும் சமமாகக் காட்டுகிறது, என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது என்பார். கேஜ் பொய் சொல்லாது. ஆனால் அது பார்ப்பது மேலே இருக்கும் கம்ப்ரஷன் ரிங்கை. ஆயில் ரிங் அதற்குத் தெரியாது. கம்ப்ரஷன் நன்றாக இருந்துகொண்டே ஆயில் குடிக்கும் என்ஜின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு 1, அதாவது உள்ளே வரும் காற்றைப் பிஸ்டன் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று வைத்த அளவு அது. அதில் இன்னும் காற்றை அடைத்தால் ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேருமுன்பே பெட்ரோல் தானாக வெடிக்கும், அதைத்தான் நாக்கிங் என்கிறோம். உள்ளே ஆயிலும் எரிந்தால் நாக்கிங் இன்னும் சுலபமாக வரும். டர்போவின் பேரிங்குக்கும் அதே என்ஜின் ஆயில்தான் போகிறது. என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் மொத்தமே 3.7 லிட்டர். அதில் ஒரு லிட்டர் காணாமல் போயிருக்கும் நாளில் நீங்கள் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் முழு மிதி மிதித்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஏறும்போது சோம்பல் என்கிறீர்கள். அதில் ஒரு பங்கு காரின் குற்றமே இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்தில் 140 குதிரைத்திறன் தரும் என்ஜின், மேலே ஏரிக்கரைக்குப் போகும்போது சுமார் 120-தான் தரும். மீதிச் சோம்பல் வயசு: பழைய ஸ்பார்க் பிளக், அழுக்கான த்ராட்டில், உயிர் போன ஆக்சிஜன் சென்சார், அடைத்த இன்ஜெக்டர். முதலில் தொலைந்த குதிரைகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புதுசு வாங்குவதைப் பிறகு பேசலாம்.

ஃபியூயல் ஹோஸ்களையும் சீல்களையும் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2001-ல் செய்த ரப்பர் இதற்காகச் செய்ததில்லை. வாரம் முழுக்க ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைக்கும். பழைய வண்டிக்காரனுக்கு வேறு பெட்ரோல் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றுவதை ஊற்றிக்கொண்டு ஹோஸை நாம்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, பிரேக். என்னைக் கேட்டால் உங்கள் நாலு லட்சத்தில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும். உங்கள் காரும் இரண்டு ஆளும் சேர்ந்து 1,300 கிலோ என்று வையுங்கள். அந்த எடை ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி வருவதற்குள் வெளிவிடும் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறினால், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் எவ்வளவை என்ஜின் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை டிஸ்க் வாங்குகிறது என்பது நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மூன்றாம் கியரில் பெடலை அழுத்தியபடியே இறங்கினால் அந்த வாசனை வரத்தான் செய்யும்.

பெடல் கீழே போவது அதைவிட மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், மிதித்தால் பெடல் தரையைத் தொடும். மாமா காலத்து ஆயில் இன்னும் உள்ளே இருந்தால் இந்த வாரமே முழுதாக வடித்துப் புது ஆயில் மாற்றுங்கள். லேபிளில் டாட் 4 அல்லது டாட் 5.1 என்று இருக்கட்டும். வெறும் டாட் 5 என்றால் அது சிலிகான், உங்கள் வண்டிக்கு வேண்டாம். செலவு பெரிதில்லை, ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஆகும் காசுகூட ஆகாது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நகர்கிற ஊசி (பின்) இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரேஸ் பேட் என்று ஒருவர் விற்க வருவார், வாங்காதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால்காரர் குறுக்கே வரும்போது பேட் பச்சைத் தண்ணீராக இருக்கும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். உங்கள் அளவு இப்போது அதிகம் ஓடாத அளவு. கடையில் ஐந்து வருடம் கிடந்த டயரை "புதுசு" என்று மாட்டி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அந்த ஒரு லட்சம் கேட்கிற ஆளுக்கு வருகிறேன். டர்போ வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் அவர் "அப்போ ஆஃப்கட் என்ஜின் வைச்சிடலாம்" என்பார். வெளிநாட்டில் கழித்துக்கட்டிய காரைப் பாதியாக அறுத்து, முன்பாதியை இங்கே கொண்டுவந்து விற்பதுதான் ஆஃப்கட். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, தண்ணீரில் மூழ்கியதா, ஆயில் இல்லாமல் ஓடியதா, எதற்கும் பதில் கிடையாது. மேலே டீசல் போட்டுத் துடைத்து, பெயின்ட் அடித்துக் காட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் இப்படி ஒரு கார் கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்தது. வைத்துக் கொடுத்தவர் போன் எடுக்கவில்லை. பழைய என்ஜினையும் அவரே எடைக்குப் போட்டுவிட்டார். காரின் சொந்தக்காரர் பாவம், வீட்டில் நகை வைத்துக் கட்டிய பணம் அது. அந்த வண்டி இன்றைக்கும் ஓடவில்லை.

என்ஜினே நன்றாக இருந்தாலும் பேப்பர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது உரிமையாளர், மாற்றிக் கொடுத்தவர் இல்லை. உங்கள் ஆர்.சி. 2027-ல் மறுபடி புதுப்பிக்க வரும். அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார், என்ஜின் நம்பரையும் பார்ப்பார். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று புரோக்கர் சொல்வது அவர் பணம் வாங்கும் நாள்வரைதான்.

அந்தப் புதுப்பிப்புக்கே காசு எடுத்து வையுங்கள். 20 வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 80,000 ரூபாய். மாதம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி, ஒழுங்காகப் பராமரித்த வண்டி, எல்லாவற்றுக்கும் ஒரே ரேட். நியாயமான ஒரு மாற்றத்தை முறையாக அனுமதி வாங்கிச் செய்கிறேன் என்று போய்க் கேட்டுப் பாருங்கள், எந்த ஜன்னலில் கேட்பது என்று சொல்லவே ஆள் இருக்காது. நேர்மையாகக் கேட்கிறவனை இப்படி அலைய விட்டால் அவன் புரோக்கரிடம்தானே போவான்? எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

என்ஜினைத் தொடவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆயில் ரிங் போனது உறுதியானால் என்ஜினை எப்படியும் பிரிக்க வேண்டும். அப்போது, அந்த ஒரு தடவை மட்டும், உள்ளே கொஞ்சம் நல்லது செய்துகொள்ளலாம். பின்னால் வந்த, பெரிய ஓட்டை வைத்த பிஸ்டனையும் புது ரிங்கையும் போடுங்கள். பழைய பிஸ்டனைக் கழுவி அதிலேயே புது ரிங் மாட்டினால் வேலை முடிந்ததுபோல் இருக்கும், ஒரு வருடத்தில் திரும்ப வரும். இது அலுமினிய பிளாக், உள்ளே மெல்லிய இரும்பு லைனர். லேத்தில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் வைக்கலாம் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் போதும். அதுவே போதாத அளவுக்குச் சுவரில் கோடு விழுந்திருந்தால் விதிவிலக்கும் முடிந்தது. அப்போது அதே வகை என்ஜின், விற்ற பில்லோடு தேடி, அதன் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றியபின் ஓட்டுவது ஒன்றுதான் வழி.

என்ஜினின் மேல்பாகமான ஹெட் கையில் இருக்கும்போது வால்வு உட்காரும் இடத்தைச் சரிசெய்து, வால்வு சீல் மாற்றி, காற்று போய்வரும் வழியான போர்ட்டில் படிந்த கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போர்ட்டைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், இரண்டாம் கியரில் மலையேறும் இழுவை போய்விடும். டைமிங் செயினும் டென்ஷனரும் அப்போதே மாறட்டும். மூடியபின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் மலைப் பக்கம் போகாமல், ஆயிலையும் ஒருமுறை சீக்கிரமே மாற்றிவிடுங்கள். இதையெல்லாம் ஆயில் குடிக்கிற என்ஜினுக்குத்தான் சொல்கிறேன். குடிக்காத என்ஜினை "கொஞ்சம் பவர் ஏத்தலாம்" என்று பிரிக்கக் கூடாது.

ஏர் ஃபில்டர் கம்பெனி டப்பாவோடே இருக்கட்டும். திறந்த கோன் ஃபில்டர் நல்ல சத்தம் போடும், ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானாலே சுமார் 3 சதவீதம் மெலிகிறது. சேலம் சித்திரை வெயிலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பவர் ஏறும் என்று சொல்லி விற்கும், சாக்கெட்டில் செருகும் சிப் டப்பா வேண்டவே வேண்டாம். ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் அசல் அளவிலேயே புதுசாக மாறினால், வளைவில் அந்தக் கார் என்ன கார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஞாயிறு மலைக்குப் போக வேண்டாம். பிரேக் ஆயிலை மாற்றுங்கள். சமமான தரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, மீட்டரைக் குறித்துக்கொண்டு 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எவ்வளவு குறைந்தது, புகை எந்த நேரத்தில் வந்தது, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். ஆர்.சி. இன்னும் மாமா பெயரில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.