மேடான் ஸ்டேஷன் பினாங்குல கேக்குதே!

கே: அண்ணே, தஞ்சோங் பூங்கா கடற்கரையில விடியக்காலை சின்ன ரேடியோவ திருப்புனா இந்தோனேசியாவுல இருக்குற மேடான் நகர எஃப்எம் கேக்குது, ஒன்பது மணிக்கு மேல காணோம், ஏன்?
- வாசகர், பினாங்கு

ப: தம்பி, ரேடியோ நல்லாத்தான் இருக்கு. மேடான் இங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர், எஃப்எம் அலை நேர்கோட்டுல போறதால சாதாரணமா அவ்வளவு தூரம் எட்டாது, ஆனா காத்து அசையாத நேரத்துல கடல் மேல ஈரக்காத்து கீழயும் சூடான வறண்ட காத்து மேலயும் படிஞ்சிடும், அலை அதுக்குள்ள வளைஞ்சு குழாய்ல போற மாதிரி வந்துடும். வெயில் ஏறி காத்து கலங்குனா போச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரமே அந்த விடியக்காலைதான்!

ரேடியோவோட ஏரியல் கம்பிய 75 சென்டிமீட்டர் அளவுக்கு இழுத்து மெதுவா சாய்ச்சுப் பாருங்க, ஸ்டீரியோவ மோனோவுக்கு மாத்துங்க, இரைச்சல் நல்லாவே குறையும். போன் சார்ஜர தள்ளி வைங்க.