ஒரே வீடு, நான்கு தொகுதிப் பெயர்கள்

கேள்வி: கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் ஹைலண்ட் கிரீக் பகுதியில் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். 1995இல் முதல் முறை வாக்களித்தபோது எங்கள் தொகுதி ஸ்காபரோ கிழக்கு. பிறகு பிக்கரிங்–ஸ்காபரோ கிழக்கு என்றார்கள். அதன் பின் ஸ்காபரோ–ரூஜ் பார்க். 2025 பெப்ரவரியில் அந்தப் பெயரில் வாக்களித்துவிட்டு வந்தால், ஏப்ரலில் வந்த அட்டையில் ஸ்காபரோ–கில்ட்வூட்–ரூஜ் பார்க் என்று இருக்கிறது. எங்கள் தொகுதியைக் கலைத்துவிட்டார்களா? முதியோர் சங்க மலருக்கு 'எமது தொகுதியின் வரலாறு' என்று ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கலைக்கவில்லை, அம்மா. பெப்ரவரியில் நீங்கள் வாக்களித்தது மாகாணத் தேர்தலுக்கு. ஏப்ரலில் வந்த அட்டை மத்திய பாராளுமன்றத் தேர்தலுக்கானது. நெடுங்காலம் இரண்டுக்கும் ஒரே வரைபடம் இருந்ததால் நாம் அவற்றைப் பிரித்துப் பார்க்கவே மறந்துவிட்டோம். இப்போது அவை பிரிந்துவிட்டன. மாகாணத்துக்கு இன்றும் உங்கள் தொகுதி ஸ்காபரோ–ரூஜ் பார்க்தான். ரொறன்ரோ மாநகரசபையின் 25ஆம் வட்டாரத்துக்கும் அதே பெயர், அதே எல்லை. மத்தியத் தொகுதி மட்டுமே மாறியிருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் வேர் 1996இல் இருக்கிறது. அதுவரை ஒன்ராறியோ தன் தொகுதிகளைத் தானே வரைந்துகொண்டது. அப்போதைய முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு செலவைக் குறைக்கிறோம் என்று 130 இடங்களை 103 ஆக்கி, மத்தியத் தொகுதிகளின் எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே 'குறைந்த அரசியல்வாதிகள் சட்டம்'. சட்டத்தின் தலைப்பிலேயே தேர்தல் முழக்கத்தை ஒட்டிவைக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனால் இந்தத் தலைப்பு செய்ததைத்தான் சொன்னது. 1999 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தபோது ஸ்காபரோவின் ஆறு தொகுதிகள் ஐந்தாயின.

மத்திய எல்லைகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், ஒவ்வொரு மாகாணத்துக்கும் அமைக்கப்படும் மூவர் ஆணைக்குழு மாற்றி வரைகிறது. மாகாணம் அதைப் பின்தொடர்ந்து 2007இல் ஒருமுறையும் 2018இல் ஒருமுறையும் மாற்றிக்கொண்டது. அடுத்த சுற்றில்தான் சங்கிலி அறுந்தது. புதிய மத்திய வரைபடத்தில் ரொறன்ரோவின் 25 இடங்கள் 24 ஆகின. அது 2025 ஏப்ரல் 28இல் முதன்முறை பயன்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரி 27இல் நடந்த மாகாணத் தேர்தலோ 2018இன் பழைய எல்லைகளில்தான் நடந்தது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு வரைபடங்கள் என்றால் யாருக்கும் தலை சுற்றும்.

இனி மலருக்கு வருகிறேன். தொகுதி வரலாறு எழுதுபவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது. நானும் விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அல்ல, 2018 தேர்தல் முடிந்த கையோடு, 'ஸ்காபரோ வடக்கு' என்ற பெயரை நம்பி ஒரு பட்டியல் போட்டேன்: 1963 முதல் 1985 வரை தோமஸ் வெல்ஸ், 1985 முதல் 1999 வரை அல்வின் கேர்லிங், அடுத்து 2018இல் ரேமண்ட் சோ. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முதல் இருவரின் ஸ்காபரோ வடக்கு 1999இல் மறைந்துபோன தொகுதி. மூன்றாமவருடையது பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறு எல்லைகளோடு பிறந்த தொகுதி. இடைப்பட்ட காலத்தில் அந்த நிலம் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற பெயரில் இருந்தது. கேர்லிங் 2005 வரை அதன் உறுப்பினர். பேத்தி பாட்டியின் பெயரை வைத்திருப்பதால் இருவரும் ஒருவர் ஆகிவிடுவார்களா?

ஆகவே தெருவைப் பிடியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று 'இந்த இடத்துக்காகக் குயின்ஸ் பார்க்கில், அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்தில், யார் பேசினார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கதை அப்போது இப்படி வரும்.

1963இல் சட்டமன்றம் 108 இடங்களாகப் பெருகியபோது ஸ்காபரோ கிழக்கு உருவானது. வயல்கள் வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. முதல் உறுப்பினர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரிச்சர்ட் பெக்கெட். 1967இல் லிபரல் கட்சியின் டிம் ரீட். 1971இல் வென்ற மார்கிரெட் பேர்ச்சுக்கு மலரில் தனி இடம் கொடுங்கள். 1972இல் அவர் ஒன்ராறியோ அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார். 1985 வரை பதினான்கு ஆண்டுகள் அந்தத் தொகுதியை வைத்திருந்தார். உங்கள் சங்கத்து இளையவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

1985இல் லிபரல் எட் ஃபுல்டன், 1990இல் புதிய ஜனநாயகக் கட்சியின் மருத்துவர் பொப் ஃபிராங்க்ஃபோர்ட். நீங்கள் முதல் வாக்குப் போட்ட 1995இல் கன்சர்வேட்டிவ் ஸ்டீவ் கில்கிறிஸ்ட். 2003இல் ஜமேக்காவில் பிறந்த லிபரல் மேரி ஆன் சேம்பர்ஸ். அவரும் அமைச்சரானார். 2007இல் ஸ்காபரோ கிழக்கு என்ற பெயர் போனது. மேற்குப் பக்கம் ஸ்காபரோ–கில்ட்வூட் ஆக, உங்கள் பக்கம் ரூஜ் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நகரமான பிக்கரிங்கோடு சேர்ந்தது. அங்கே முதலில் வெய்ன் ஆர்தர்ஸ், 2011 முதல் டிரேசி மக்சார்ல்ஸ், இருவரும் லிபரல். 2018இல் பிக்கரிங் கழன்றுகொள்ள, 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே இருந்த மல்வேர்ன் வந்து சேர்ந்தது. ஸ்காபரோ–ரூஜ் பார்க் பிறந்தது. கன்சர்வேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலம் அதில் வென்று, 2022லும் 2025லும் மீண்டும் வந்தார். மார்க்கம்–தோர்ன்ஹில்லில் வென்ற லோகன் கணபதியோடு ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குள் தமிழர் நுழைந்த தேர்தலும் அந்த 2018தான்.

அந்த 2018 எல்லை மாற்றத்தின் மேல் கொஞ்சம் நில்லுங்கள். வெறும் கோடு அல்ல அது. ஏரிக்கரையோரப் போர்ட் யூனியன், உங்கள் ஹைலண்ட் கிரீக், மல்வேர்னின் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே வாக்குச்சீட்டுக்குள் வந்தன. மல்வேர்ன் வாசிகளுக்கு அதுவரை வேறு தொகுதி, வேறு உறுப்பினர்கள். உங்கள் சங்கத்தில் அந்தப் பக்கத்தவர் இருந்தால் அவர்களுடைய பட்டியல் வெல்ஸ், கேர்லிங் வழியாக வரும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாமல் 2018 வரை தனித்தனியாக எழுதிப் பிறகு சேருங்கள்.

இந்தப் பட்டியலைப் போட்டு முடித்தபோது எனக்கே ஒரு வியப்பு. 1971 முதல் 2025 வரை உங்கள் மூலை அனுப்பிய உறுப்பினர் ஒவ்வொரு முறையும் ஆளும் தரப்பில்தான் அமர்ந்திருக்கிறார். கன்சர்வேட்டிவ் ஆண்டபோது கன்சர்வேட்டிவ், பொப் ரே முதல்வரான 1990இல் புதிய ஜனநாயகக் கட்சி, லிபரல் ஆண்ட பதினைந்து ஆண்டுகளும் லிபரல். 1985 மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டும். அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 52 இடங்களோடு முதலில் வந்தது, லிபரலுக்கு 48. சில வாரங்களில் புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவோடு டேவிட் பீட்டர்சன் ஆட்சி அமைத்தார். எட் ஃபுல்டன் போக்குவரத்து அமைச்சரானார். 2007இல் பிரிந்துபோன கில்ட்வூட் பக்கம் இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. 2018க்குப் பிறகும் அங்கே லிபரல்தான் வென்று வருகிறது. பழைய தொகுதியின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் போனதை எழுதினாலே மலருக்கு இரண்டு பக்கம் வரும்.

ஆதாரம் தேடுவது கடினமல்ல. இன்றைய மாகாணத் தொகுதியை எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ இணையதளத்தில் முகவரி கொடுத்துப் பாருங்கள். மத்தியத் தொகுதிக்கு எலெக்ஷன்ஸ் கனடா. அஞ்சல் குறியீட்டை மட்டும் கொடுத்தால் சில இடங்களில் இரண்டு தொகுதிப் பெயர் வரும், அதனால் வீட்டு எண்ணையும் கொடுப்பது நல்லது. பழைய உறுப்பினர்களின் பெயர், கட்சி, பதவிக் காலம் எல்லாம் ஒன்ராறியோ சட்டமன்றத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. எல்லைகளுக்கு மட்டும் பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள். 1967, 1975, 1987 ஆகிய தேர்தல்களுக்கு முன்பும் மறுவரையறை நடந்திருக்கிறது. பெயர் மாறாமலே கோடு நகர்ந்திருக்கலாம். அந்தந்தத் தேர்தலின் வரைபடத்தை எடுத்து உங்கள் தெரு உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தில் கேட்டால் உதவுவார்கள்.

அன்றாடக் காரியங்களுக்கும் இந்தப் பிரிவு இப்போது முக்கியம். முன்பு மாகாண உறுப்பினரின் அலுவலகமும் மத்திய உறுப்பினரின் அலுவலகமும் ஒரே தொகுதிப் பெயரைத் தாங்கியிருந்தன. மருத்துவ அட்டை, பள்ளிக்கூடம், முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் என்றால் மாகாண உறுப்பினரிடம் போங்கள். முதியோர் ஓய்வூதியம், குடிவரவு, கடவுச்சீட்டு என்றால் மத்திய உறுப்பினர். குப்பை, பூங்கா, நடைபாதைப் பனி என்றால் மாநகரசபை உறுப்பினர். மனு எழுதும்போது தொகுதிப் பெயரை மாற்றி எழுதிவிட்டாலும் பெரிய பாதகம் இல்லை, வீட்டு முகவரி சரியாக இருந்தால் போதும்.

மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் சங்கத்தில் வெஸ்ட் ரூஜ் பக்கத்தவர் யாராவது இருக்கிறார்களா? ரூஜ் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் அந்தத் தெருக்கள் 1974 வரை ஸ்காபரோவே அல்ல, பிக்கரிங். பிக்கரிங்கை உள்ளடக்கிய டேர்ஹம் பிராந்தியம் அமைந்தபோதுதான் இந்தப் பக்கம் வந்தன. 2007இல் தொகுதிக்குப் பிக்கரிங் பெயர் வந்தபோது மற்றவர்கள் முகம் சுளித்தாலும், அந்தத் தெருவின் பழைய குடிகளுக்கு அது தாய்வீட்டுப் பெயர். அவர்களுக்கு 1963இலிருந்து தொடங்கும் பட்டியலைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள். 1974க்கு முந்தைய காலத்துக்குப் பிக்கரிங் பக்கத்து ஆவணங்களைப் பார்த்துத் தனியே ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.