ஒளி மாற்றம் அரை நொடி பிந்துவது பற்றி
முதல்முறை மேடை நிர்வாகம் பார்க்கிறேன், விளக்கு மாற்றமெல்லாம் அரை நொடி பிந்தி விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். விளக்கு ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்றே நினைக்கிறேன். 14-ஆவது விளக்கு மாற்றத்துக்கு ‘கோ, விளக்கு 14’ என்கிறீர்களா? ‘விளக்கு 14, கோ’ என்று மாற்றுங்கள். ‘கோ’தான் கடைசிச் சொல், அவர் விரல் அந்த ஒலிக்குத்தான் அசையும். பிரதியில் அரைப் பக்கம் முன்பே ‘ஸ்டேண்ட்பை’ (தயாராக இருங்கள்) கொடுத்து, அவர் பதிலுக்குக் காத்திருங்கள்.

பிரதியில் கியூவை, அதாவது மாற்றத்துக்கான குறிப்பை, வரிக்கு நேரே எழுதாமல், எந்தச் சொல்லில் விழ வேண்டுமோ அதிலிருந்தே கோடு இழுங்கள். பென்சிலில் மட்டும்! ஒத்திகைக்கு ஒத்திகை மாறும். நடிகர் அந்த வசனத்துக்கு மூச்சு இழுப்பதையும் கவனியுங்கள், நொடி கைக்கு வந்துவிடும்.

ஹெட்செட் அரட்டையில் ‘கோ’ வரவே கூடாது. நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, பாதிக் காட்சியில் மேடையே இருண்டது.